ஒரு முங்கு நேரம்

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இவர் அந்த டிவி கேம் விளையாடுறார்?"

இவர் என்றது எங்க அண்ணனை. நாற்பதைத் தாண்டிய ஆள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்ச நேரந்தான் சார்" என்றார்.

மதினி விடவில்லை. "கண்ணு முழிச்சிருக்கிற நேரம் பூராம் சார். அந்தப் பொட்டி எனக்குச் சக்களத்தி. என்ன, சோறு கேக்க மாட்டா, சீலை கேக்க மாட்டா, அந்த மட்டுக்கும் நல்லவ."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் உள்ளூரிலேயே அடுத்த தெருவில் வாக்கப்பட்டவள். பிறந்த வீட்டுக்குப் பொழுதுக்கும் போக வர இருக்கிறவள். "நான் போறப்பல்லாம் அண்ணன் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கும் சார்" என்றேன். ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேர், மூன்று கணக்கு.

எங்களைப் பெற்ற அய்யா மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தோராயமாச் சொல்லி என்ன ஆகப்போகுதுங்க. நான் கணக்குப் பாத்துச் சொல்றேன்."

"ஒரு மாசம் பாருங்க ஐயா" என்றார் டாக்டர். தலையில் அடிபட்டவர்களுக்கு அப்படிப் பட்டுப் பட்டென்று மினுக்குகிற வெளிச்சம் ஆகாது, சிலருக்கு அதிலேயே வலிப்பு வரும், இவருக்கு அப்படித்தானா என்று தெரிந்தால்தான் மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அரை மணிக்கு உள்ளாக. அதற்கு மேல் கூடாது.

மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பரமக்குடி தாண்டித்தான் பேசினார். "அரை மணின்னா, கேசட்டு ஊதுற நேரமும் சேத்தா?"

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லவேண்டும். எங்க ஊர் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே இருக்கிறது. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கிணற்றை நம்பி மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் கருவேலங்கரி. இந்த மூன்றிலும் எனக்கு ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டு அண்ணன் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் டிவி கேம் கடை போட்டார். மூன்று டிவி, மூன்று பெட்டி, இரண்டு பெஞ்சு, ஒரு சாக்கு நிறைய மஞ்சள் கேசட்டு. தொண்டி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், ஷிப்ட் முடிந்த கண்டக்டர்கள், காலேஜுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி வந்தவர்கள் என்று கூட்டம் நெரியும். நான் துணி எடுக்கப் போனால் அங்கே ஒரு எட்டு போவேன். கேசட்டைச் சொருகுவதற்கு முன்னால் அண்ணன் புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி அதன் வாயில் ஊதுவார். "ஊதாமச் சொருகுனா ஓடாதாண்ணே?" என்று கேட்டேன். "அதுக்கு நம்ம மூச்சு படணும்த்தா. அப்பத்தான் தெரிஞ்ச ஆளுன்னு கதவத் தெறக்கும்" என்றார்.

மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஆனால் நேரம் முடிந்தது, எழுந்திரு என்று யாரையும் சொல்ல அவருக்கு வராது. "ஆட்டம் முடியட்டும், பாதியில எந்திரிச்சா மனசு அங்கனயே கெடக்கும்" என்பார். அய்யா ஒருநாள் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "உங்க அண்ணன் மடையத் தெறக்கத் தெரிஞ்சவன். அடைக்கத் தெரியாதவன்." சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர் வந்தபோது கடை தானாகவே அடைபட்டுப்போனது. ஒரு டிவியும் ஒரு பெட்டியும் சாக்குமாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து, சாயல்குடி ரோட்டில் உப்பு லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டியோடு விழுந்தார். தையல் பிரித்து, முடி வளர்ந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது மிளகாய்க் காட்டில் வைத்து முதல் தடவை வந்தது. எங்க பக்கத்தில் வலிப்பை யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். "வந்துட்டுப் போச்சு" என்பார்கள், ஏதோ தூரத்துச் சொந்தம் மாதிரி. அன்றைக்கு ஆளுக்கொரு சாவியைக் கொண்டுவந்து அண்ணன் கையில் திணித்ததில், அவருக்கு நினைவு திரும்பியபோது உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தே இருந்தது. "எந்த வீட்டுக்கு என்னைய எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சிரித்தோம். மதினி மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு அவரைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை, வண்டியைத் தொடவிடவில்லை, மோட்டார் ரூமுக்கு அனுப்பவில்லை. ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வாங்கி வாங்கி, கடைசியில் மிஞ்சியது அந்தப் பெட்டிதான். அதன் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பழைய கடைக்கார முகம் வரும். கம்ப்யூட்டரிலும் போனிலும் எத்தனையோ புது விளையாட்டு வந்திருந்த காலம். அவர் அந்தப் பழசையே ஆடினார். ஒரு குட்டி ஆள் ஓடிக்கொண்டே இருப்பான். குழி வந்தால் தாண்டவேண்டும், பாறை உருண்டால் குனியவேண்டும். அவ்வளவுதான். இப்போது அதுவும் அளந்து கொடுக்கவேண்டிய பொருளாகிவிட்டது.

ஊருக்கு வந்த அன்றைக்கே அய்யா கிணற்றடி வட்டிலை எடுத்து வந்தார்.

எங்க கிணறு பங்காளிகள் நாலு வீட்டுக்குப் பொது. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்திலிருந்து, மோட்டார் வந்த பிறகும், முறை பார்த்தது ஒரு செம்பு வட்டில்தான். அடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணீர் நிறைந்த அண்டாவில் மிதக்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி, ஒரு கட்டத்தில் 'குளுக்' என்று உள்ளே போய்விடும். அது ஒரு முங்கு. அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லார் கையிலும் கைக்கடிகாரம் இருந்தது. தண்ணீர் விஷயத்தில் அதை யாரும் நம்பவில்லை. அய்யாதான் நாலு வீட்டுக்கும் முறை பார்க்கிறவர். நடுவில் மோட்டார் நின்றால் வட்டிலை அப்படியே, ஏறின தண்ணீரோடு தூக்கிக் கையில் வைத்துக்கொள்வார். திரும்ப ஓடும்போதுதான் மறுபடி மிதக்கவிடுவார். ஒருத்தர் முறையில் பாய்ச்ச முடியாமல் போனால் அந்த முங்கு அவருக்குச் சேர்ந்து நிற்கும். தன் முறையை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் முடிகிற வரைக்கும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கவேண்டும். தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போனாலும் முறை இவர் பேரில்தானே ஓடுகிறது. ஒருதடவை காய்ச்சலோடு, முக்காடு போட்டுக்கொண்டு, சித்தப்பா வயலுக்குப் போகிற தன் தண்ணீரைப் பார்த்தபடி அய்யா உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வட்டிலும் அண்டாவும் இப்போது டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. கூடவே இரண்டு கொட்டாங்கச்சி. வெள்ளிக்கிழமை காலையில் அய்யா நாளுக்கு ஒன்று வீதம் அந்த வாரத்துக்கான புளியங்கொட்டையை ஒன்றில் போடுவார். ஒரு முங்கு ஆடினால் ஒரு கொட்டை அடுத்த கொட்டாங்கச்சிக்கு மாறும். அன்றைக்கு வந்துட்டுப் போனால் அந்தக் கொட்டையில் சுண்ணாம்பு தடவுவார். டாக்டர் கேட்ட கணக்கு அதுதானே: எந்த வாரம் எவ்வளவு, அதில் எத்தனை வெள்ளை.

"பயிருக்குத் தண்ணி பாச்சுற மாதிரியில்ல புருசனுக்கு டிவி பாச்சுறாங்க" என்றார் மதினி. ஆனால் அவர்தான் தினமும் அண்டாவில் தண்ணீர் மாற்றினார்.

வட்டில் 'குளுக்' என்றதும் அய்யா, "முடிஞ்சதுலே" என்பார். கடையில் யாரையும் பாதியில் எழுப்பாத அண்ணன், குட்டி ஆள் குழிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும்போதே பெட்டியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். முறை என்றால் முறை. முதல் மாசம் வெள்ளைக் கொட்டை ஒன்றே ஒன்று. அந்த எண்ணிக்கையை மட்டும் டாக்டருக்குப் போனில் சொன்னோம்; இப்படியே தொடரட்டும் என்றார். மதினி உத்தரகோசமங்கைக்கு நடந்தே போய் விளக்குப் போட்டு வந்தார்.

கரண்டு கட்டு அன்றாடமாகிவிட்ட வருஷம் அது. ஆட்டத்தின் நடுவில் பொசுக்கென்று போய்விடும். உடனே அய்யா குனிந்து வட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி எடுப்பார். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, கரண்டு வருகிற வரைக்கும் நிற்பார். ஒருநாள் உச்சிப்பொழுதில் நான் போனபோது, மின்விசிறி ஓடாத புழுக்கத்தில் அண்ணன் விளையாட்டுக் குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அய்யா வட்டிலை ஏந்திக்கொண்டு அபிஷேகத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"கீழ வச்சிட்டு உக்காருங்கய்யா. வந்தாப் புதுசா ஒரு முங்கு விட்டுக்கிருவோம்" என்றேன்.

"அவன் பாதி ஆடியிருக்கான்த்தா. புதுசா விட்டா அரை முங்கு கூடிப்போகும். முடிஞ்சதுன்னு வச்சா அரை முங்கு கொறஞ்சுபோகும். ரெண்டும் அநியாயம்."

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் யாருக்குமே அதில் ஒரு கோணல் இருப்பது தெரியவில்லை. தண்ணீர்ப் பங்கில் வளர்ந்த வீடு.

மார்கழி வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்கு வீடு நிறைய ஆள். அண்ணன் பெட்டியைத் தொடவில்லை. அடுத்து மிளகாய் எடுப்பு. காயப்போட்ட மிளகாயை அள்ளவும் காம்பு கிள்ளவும் ஆள் போதாமல் அவரும் உட்கார்ந்தார். வாரம் வாரமாகக் கொட்டை முதல் கொட்டாங்கச்சியிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் அய்யா அதன் மேலேயே புதுசு போட்டார். பழசைத் தூக்கி எறிய அவருக்கு எப்படி மனசு வரும்? பாய்ச்சாத முறை சேர்ந்துதானே நிற்கும்? கொட்டாங்கச்சி குவிந்துவிட்டது.

தை பாதியில் ஒரு மத்தியானம். முற்றத்தில் மிளகாய் மலை மாதிரி கிடந்தது. நானும் மதினியும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளேயிருந்து கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அய்யா, என் பங்கு இம்புட்டு நிக்குது. இன்னைக்கு ஒருநாள் ஒக்காந்து ஆடிக்கிறவா?"

அய்யா கொட்டைகளைப் பார்த்தார். மதினி, "மாமா, டாக்டர் ஒரு நாளைக்கு ஒண்ணுன்னுதான சொன்னாரு" என்றார்.

"ஆமாத்தா. இது ஆடாத நாளுக்கு உள்ளதுதான? புதுசா ஒண்ணும் கேக்கலையே" என்றார் அய்யா. "நின்ன பங்கக் குடுக்கலைன்னா நான் என்ன முறை பாக்குறவன்?"

மதினி மறுபடி வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஒரு மாசமாகத்தான் ஒன்றும் வரவில்லையே.

அண்ணன் கேசட்டை ஊதுகிற சத்தம் கேட்டது. முதல் 'குளுக்'. இரண்டாவது. அந்த விளையாட்டுப் பாட்டு, டிங் டிங் என்று ஒரே ராகம், நாங்கள் காம்பு கிள்ளுகிற வேகமே அதற்கு ஒத்துப்போய்விட்டது. அண்ணன் அவ்வப்போது, "ஏத்தா, நாலாவது மலை ஏறிட்டேன்" என்று குரல் கொடுத்தார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மதினி சொன்னார். அய்யா ஒவ்வொரு முங்குக்கும் ஒரு கொட்டையை மாற்றினார். அன்றைக்கென்று பார்த்து கரண்டு போகவே இல்லை.

வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டியபோது பாட்டு மட்டும் கேட்டது. குதிக்கிற சத்தம் இல்லை. அப்புறம் அண்டா உருளுகிற சத்தம்.

ஓடினேன். அண்ணன் விழுந்து கிடந்தார், தரையெல்லாம் தண்ணீர், கால் வெட்டி வெட்டி இழுத்தது. தலையைத் திருப்பிப் பிடிக்கவேண்டும், வாயில் நுரையைத் துடைக்கவேண்டும். என் இரண்டு கையும் காலையிலிருந்து மிளகாயில் ஊறிய கை. எரிகிற கை. அதைக் கொண்டுபோய் அவர் கண்ணிலும் வாயிலும் எப்படி வைப்பேன்? மதினிக்கும் அதே கை. அவர் அப்படியே இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நான் முழங்கையால் அண்ணன் தோளைத் தள்ளி ஒருக்களிக்க வைத்தேன். என் முந்தானையைப் பல்லால் இழுத்து, முகத்தைத் தாழ்த்தி, வாயைத் துடைத்தேன். அய்யா டிவியின் வயரைப் பிடுங்கினார். சாதாரணமாக வந்துட்டுப் போகிறது அன்றைக்குப் போகவில்லை. நின்று, மறுபடி வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து, ராமநாதபுரத்தில் பார்த்து, மதுரைக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் அய்யாவை உட்காரவைத்துக் கேட்டார். அய்யா வட்டிலைச் சொன்னார், கொட்டையைச் சொன்னார், சேர்ந்து நின்ற பங்கைச் சொன்னார். ஒரு முங்கு கூட மறைக்கவில்லை. டாக்டர் சிரிப்பார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, நேத்து சாப்பிடாத மாத்திரையை இன்னைக்குச் சேத்துக் குடுப்பீங்களா?"

"மாட்டேங்க."

"இதுவும் அந்தக் கணக்குத்தான். இது பங்கு இல்லை. இதுக்கு மேல போகாதேன்னு போட்ட வரப்பு. ஆடலைன்னா ஆடலை, அதோட போச்சு."

அய்யா துண்டின் நுனியைப் பிரித்தபடி, "புரியுதுங்க" என்றார். டாக்டர், இனிமேல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம், அந்தத் திரையையே அவர் பார்க்கக்கூடாது என்று முடித்தார்.

"தண்ணி விடலைன்னா பயிரு காயும். இதை நிறுத்துனா ஒண்ணும் காயாதுய்யா" என்றார் டாக்டர்.

"அவன் காயுவானே சார்" என்றார் அய்யா.

டாக்டர் சீட்டில் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி பெட்டியையும் கேசட்டையும் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டார். அண்ணன் தடுக்கவில்லை. கூடின மாத்திரையில் நாக்கு தடித்து, பேச்சு குறைந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். கட்டை விரல் மட்டும் வேட்டி மடிப்புக்குள் எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். மதினி ஒருநாள் என்னிடம், "சக்களத்திய வெரட்டிட்டேன்த்தா, ஆனா புருசன் வீட்டுக்கு வரல" என்றார். அன்றைக்கு அவர் கேலியாகச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் அண்ணனாக வாயைத் திறந்தார். கிணற்றில் அன்றைக்கு எங்கள் முறை; அய்யா அதைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, கரையில் உட்காரக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அய்யா."

"சொல்லுப்பா."

"என் முறைய நான் எடுக்கக் கூடாது. சரி. குடுக்கலாமா?"

அய்யா செருப்பை மாட்டாமல் நின்றார். "யாருக்கு?"

"இந்தா, இவளுக்கு" என்று என்னைக் காட்டினார். "நான் அங்கன திரும்பி உக்காந்துக்கிறேன். குடுத்தவன் கரையில உக்காரணும்ல?"

மதினி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். கடைசியில் மதினிதான் முக்காலியை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மாலை வெயில் உள்ளே அடிக்கிற நேரத்தில் நான் டிவிக்கு முன்னால் உட்காருவேன். அண்ணன் எனக்குப் பின்னால், முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து. அய்யா வட்டிலை மிதக்கவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு கொட்டைதான்; ஆடாத நாளில் மிஞ்சினதை ராத்திரி அய்யாவே எடுத்துக் குப்பையில் போட்டார். போடும்போது அவர் கை தயங்கும். போட்டுவிடுவார்.

அண்ணனுக்குப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பாட்டை வைத்தே சொல்வார். "இப்பக் குதி. இப்பக் குனி. பாறை வருது பாறை வருது." நான் எல்லாக் குழியிலும் விழுந்தேன். "ஏத்தா, நீ என்ன, குழியப் பாத்தா நலம் விசாரிச்சிட்டுத்தான் வருவியா?" என்பார். நான் ஏன் விழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டு, மனசு முழுக்கப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படித் தாண்டுவது? அவர் பேச்சு ஒரு நொடி நின்றால் எனக்கு அண்டா உருளுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். குட்டி ஆள் குழிக்குள் போய்விடுவான்.

வருவது முன்னளவு இல்லை. நிற்கவும் இல்லை. ஒருதடவை கோவில் வாசலில் வந்தது, டிவி இருக்கிற திசையே இல்லாத இடத்தில். டாக்டரிடம் சொன்னோம். அப்படியும் வரும் என்றார்.

ஒருநாள் மூன்றாவது மலையில் ஏறிக்கொண்டிருந்தேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். பொசுக்கென்று கரண்டு போனது. பாட்டு நின்றது. அய்யா குனிந்து வட்டிலை ஏந்திக்கொண்டார்.

"என்னத்தா, சத்தத்தக் காணோம்?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"கரண்டு போயிருச்சுண்ணே." சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. "இப்பத் திரும்பிக்கலாம்ணே. ஒண்ணும் செய்யாது."

அவர் மெதுவாக உட்கார்ந்தபடியே திரும்பினார். செத்துப்போன திரையைப் பார்த்தார். அதில் நாங்கள் எல்லாரும் கறுப்பாகத் தெரிந்தோம்: நான், அண்ணன், ஒரு ஓரமாக வட்டிலை ஏந்தின அய்யா. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் கையை நீட்டினார். விளையாட்டுக் குச்சியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தாமல், மூன்றாவது மலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு வந்தாச் சொல்லுத்தா. திரும்பிக்கிறேன்" என்றார்.

கரண்டு வந்ததும் பிடுங்கிவிட நான் டிவி வயரில் கை வைத்துக்கொண்டேன். அய்யாவின் விரல் இடுக்கில் ஒரு சொட்டு கசிந்து அண்டாவில் விழுந்தது. அவர் அதைக் கணக்கில் எடுத்தாரா என்று தெரியவில்லை. கரண்டு வருமே என்று நாங்கள் நாலு பேரும் பயந்துகொண்டிருந்தோம்.